உடைந்த உள்ளமும் பழகிய கையும்

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இன்று இரண்டு ரஹ்மான்கள் இருக்கிறார்கள். பெற்றோருக்குரிய ரஹ்மான் 1992ஆம் ஆண்டில் 'ரோஜா' படத்தோடு வந்தவர். தமிழில் பாட்டுத் தந்தவர். ஊர் நினைவு வரும்போதெல்லாம் துணைக்கு வருபவர். பிள்ளைகளுக்குரிய ரஹ்மான் இந்தியில் பேசுகிறவர். கல்லூரி விழாக்களிலும், மெட்ரோ வண்டியில் இளைஞர் காதில் செருகியிருக்கும் கருவிகளிலும் ஒலிப்பவர். இருவரும் ஒருவரே என்பதை அறியாதார் இல்லை. ஆயினும் ஒரே வீட்டில், ஒரே இரவில், தந்தை ஒருவரைக் கேட்டுக் கொண்டிருக்க, மகன் மற்றவரைக் கேட்டுக் கொண்டிருப்பதைப் பல இல்லங்களில் கண்டிருக்கிறோம். அந்த இரண்டாம் ரஹ்மானை அறிய விரும்பும் பெற்றோருக்கு நாம் ஒரு படத்தைச் சொல்வோம். 2011 நவம்பர் 11ஆம் நாள் வெளிவந்த 'ராக்ஸ்டார்' என்னும் இந்திப் படமே அது.

இசை இலக்கணம் நாம் கற்றதில்லை. ரயில்வே அலுவலகம் ஒன்றில் கோப்புகளுக்கு நடுவே காலம் கழிக்கும் எழுத்தர் நாம். படிப்புப் பத்தாம் வகுப்போடு நின்றது. இன்ன ராகம், இன்ன தாளம் என்று பிரித்துச் சொல்லும் ஆற்றல் நமக்கு இல்லை. ஆனால் இப்படத்தை ஐந்து முறை பார்த்திருக்கிறோம். இதன் பாடல்களைப் பத்தாண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருகிறோம். அந்த உரிமையோடும், படத்தின் மீது நமக்குள்ள ஒரு வழக்கோடும் இதனை எழுதுகிறோம்.

முதலில் கதையைச் சுருங்கச் சொல்வோம். தில்லி பீதம்புராவைச் சேர்ந்த கூட்டுக் குடும்பத்துப் பிள்ளை ஜனார்தன் ஜாக்கர். இந்துக் கல்லூரி மாணவன், கையில் கிதார், மனத்தில் பெரிய ராக் பாடகனாக வேண்டும் என்னும் ஆசை. கேட்பவர் நகைக்கின்றனர். கல்லூரிச் சிற்றுண்டிச்சாலைக்காரர் கட்டானா அவனுக்கு ஓர் உபதேசம் செய்கிறார். பெரிய கலைஞர் எல்லோரும் வாழ்வில் அடிபட்டவர்கள். உனக்கோ ஒரு குறையும் இல்லை. நெஞ்சு உடையாமல் இசை பிறக்காது என்பதே அவ்வுபதேசத்தின் சாரம். பிள்ளையும் அதை மெய்யென்று நம்பி, நெஞ்சை உடைத்துக் கொள்வதற்காகவே, அழகால் பெயர்பெற்ற ஹீர் கௌல் என்னும் காஷ்மீரப் பெண்ணிடம் சென்று காதலைச் சொல்கிறான். அவள் விரட்டுகிறாள். ஆயினும் திட்டமிட்ட துயரம் வரவில்லை. நட்பு வந்து சேர்கிறது. பின்னர் அவள் மணமாகிப் பிராக் நகரம் சென்றுவிடுகிறாள். வீட்டில் பணம் திருடினான் என்று பழி சுமத்தி உடன்பிறந்தோர் இவனை வெளியேற்றுகின்றனர். நிஜாமுதீன் தர்காவில் தஞ்சம் புகுகிறான். அங்கிருந்து எழுந்து 'ஜோர்டன்' என்னும் பெயரோடு பெரும்புகழ் அடைகிறான். அப்புகழ் வந்த வேளையில்தான் ஹீரின் மீது தனக்கிருந்தது நட்பு மட்டுமன்று என்பதை முழுமையாக உணர்கிறான். அவள் நோயுற்று இறக்கிறாள். ஆயிரக்கணக்கானோர் ஆரவாரம் செய்கின்றனர். அவன் தேடும் ஒருத்தி மட்டும் அக்கூட்டத்தில் இல்லை.

படத்தை இயக்கியவர் இம்தியாஸ் அலி. ஜோர்டனாக நடித்தவர் ரன்பீர் கபூர். பாடல்களை இயற்றியவர் இர்ஷாத் காமில். கதாநாயகன் பாடும் பாடல்களில் மிகப் பலவற்றுக்கு மோஹித் சௌஹான் ஒருவரே குரல் கொடுத்தார். நம் படங்களில் ஒரே கதாநாயகன் பாட்டுக்குப் பாட்டு வெவ்வேறு குரலில் பாடுவது வழக்கம். நாமும் அதைக் குற்றமாகக் கொள்வதில்லை. ஆனால் பாடகனின் வாழ்வையே கதையாகக் கொண்ட படத்தில் குரல் மாறினால் ஆள் மாறியதாகவே தோன்றும். மோஹித் சௌஹான் இமாசலப் பிரதேசத்துக்காரர். 'சில்க் ரூட்' என்னும் இசைக்குழுவின் பாடகராக 1990களில் அறிமுகமானவர். மேடைக் குழுவில் பாடிப் பழகிய குரல் என்பதால், ஜோர்டன் வாயசைக்கும்போது அது இரவல் குரல் என்னும் எண்ணமே எழுவதில்லை.

பாடல்களில் நாம் முதலிடம் தருவது 'குன் ஃபாயா குன்' என்பதற்கே. 'ஆகுக' என்று இறைவன் பணித்த அளவில் படைப்பு உண்டாகிறது என்னும் திருக்குர்ஆன் கருத்தைத் தலைப்பாகக் கொண்டது அது. ரஹ்மானும் ஜாவேத் அலியும் மோஹித் சௌஹானும் பாடியது. ஹஸ்ரத் நிஜாமுதீன் தர்காவிலேயே படமாக்கப்பட்டது. அதில் ரன்பீர் கபூர் நடிப்பதைக் கவனிக்க வேண்டும். கிதாரைத் தழுவிக் கொண்டு கவ்வாலிப் பாடகர்களுக்கு இடையில் ஒடுங்கி அமர்ந்திருக்கிறான். வீட்டை இழந்தவன், உண்ண உணவும் படுக்க இடமும் தந்தோர் நடுவில் இருக்கிறான். பாட்டின் பெரும்பகுதியை மற்றவரே பாடுகின்றனர். தன் முறை வரும்போது மட்டும் வாய் திறக்கிறான். அதற்கு முன் ஊரெல்லாம் தன்னைக் கேட்க வேண்டும் என்று அலைந்தவன், அங்கேதான் முதன்முதலாகப் பிறரைக் கேட்கிறான்.

'சட்டா ஹக்' என்னும் பாடல் இதற்கு நேர் எதிரானது. 'எங்கள் உரிமை' என்பது அப்பஞ்சாபித் தொடரின் பொருள். ஒரியாந்தி என்னும் ஆஸ்திரேலியக் கலைஞர் அதற்குக் கிதார் வாசித்தார். அதன் ஒரு பகுதி தர்மசாலாவில், அங்கே வாழும் திபெத்திய மக்களின் நடுவில் எடுக்கப்பட்டது. திபெத்தின் விடுதலையைக் குறிக்கும் பதாகை ஒன்றைத் தணிக்கைத் துறையினர் மங்கலாக்கச் செய்ததும், அதைக் குறித்துச் செய்தித்தாள்களில் வாதம் எழுந்ததும் அன்பர்கள் பலருக்கு நினைவிருக்கலாம். ஊரை விட்டு வந்தவர்கள் தம் உரிமையைக் கேட்கும் காட்சியை நம்மைப் போன்று புலம்பெயர்ந்தோர் சற்றுக் கூர்ந்தே பார்ப்பர்.

ஷம்மி கபூருக்கு இதுவே கடைசிப் படம். ஷெனாய் வித்துவான் உஸ்தாத் ஜமீல் கானாக நடித்த அவர், படம் வெளிவருமுன்பே, 2011 ஆகஸ்டு 14ஆம் நாள் காலமானார். ரன்பீருக்கு அவர் பாட்டனாரின் தம்பி. ஷெனாயும் கிதாரும் உரையாடுவதாக அமைந்த இசைத்துண்டில் அம்முதியவர் அவ்விளைஞனை நோக்கும் பார்வை நடிப்பா, பாசமா என்று பிரித்துச் சொல்ல இயலாது.

முதன்முறை நாம் இப்படத்தைப் பார்த்தது அலுவலகத்து நண்பர் நால்வரோடு. அவருள் ஒருவர் ஹரியானாவைச் சேர்ந்த ஜாட் வகுப்பினர். படம் தொடங்கிய பத்து நிமிடத்திலேயே, "பார், இவன் எங்கள் பிள்ளை, பேச்சைக் கேள், அப்படியே எங்கள் பேச்சு!" என்று நம் தோளைத் தட்டினார். "கதாநாயகன் உங்கள் பிள்ளையாக இருக்கட்டும், அண்ணா, பாட்டு எங்கள் சென்னைப் பிள்ளையுடையது," என்றோம். ஒலிப்பதிவுக் கூடத்தில் நடக்கும் வேடிக்கைப் பாட்டொன்றில் மோஹித் சௌஹானோடு சேர்ந்து பாடுபவர் நம் கார்த்திக் என்பதையும் சொல்லி ஒரு படி ஏறிக் கொண்டோம். ஒரு படத்தை இருவர் பங்கு பிரித்துக் கொண்டு பெருமைப்பட்டோம். இத்தகைய மகிழ்ச்சி வெளியூரில் வாழ்வோருக்கே கிடைக்கும்.

இனி நம் வழக்கைச் சொல்வோம். வழக்கு கட்டானாவின் உபதேசத்தைப் பற்றியது. நெஞ்சு உடைந்தால்தான் பாட்டு வரும் என்று அவர் விளையாட்டாகச் சொன்னதைப் படம் இறுதியில் மெய்யாக்கிக் காட்டுகிறது. துயரம் வளர வளர ஜோர்டனின் குரல் ஓங்குகிறது. குரல் ஓங்க ஓங்கக் கூட்டம் பெருகுகிறது. அரங்கை விட்டு வெளியே வரும் பதினாறு வயதுப் பிள்ளை இதிலிருந்து என்ன கற்றுக் கொள்வான்? பயிற்சியை விடத் துன்பம் பெரிது. வீட்டோடு சண்டையிட்டால் பாதிக் கலைஞன் ஆகிவிடலாம். காதலில் தோற்றால் மீதியும் நிறைவேறும் என்றே கற்றுக் கொள்வான். இவ்வாறு எண்ணும் பிள்ளைகளை நாம் கண்டிருப்பதனாலேயே எழுதுகிறோம்.

துன்பம் ஒன்றே போதுமானால், அதை அடைந்தவர் எல்லோரும் பாடியிருக்க வேண்டுமே? தந்தையார் ரயில்வேப் பணியில் இருக்கும்போதே காலமானார். அப்போது நமக்கு வயது பதினெட்டு. அவர் ஞாயிறுதோறும் கோயில் பஜனையில் கஞ்சிரா வாசிப்பவர். பகலெல்லாம் இருப்புப்பாதையில் சம்மட்டி பிடித்த அந்தக் கையில் மாலை வேளையில் அவ்வளவு மென்மை எங்கிருந்து வந்தது என்று பஜனைக்கு வந்த அம்மாமார்கள் வியப்பார்கள். அவர் மறைந்தபின் அக்கஞ்சிராவை எடுத்து மடியில் வைத்துக் கொண்டு பலநாள் உட்கார்ந்திருந்தோம். நெஞ்சு உடைந்துதான் இருந்தது. ஆனால் கைக்கு ஒரு தாளமும் வரவில்லை. அத்துன்பம் நமக்குப் பாட்டைத் தரவில்லை. கருணை அடிப்படையில் ஒரு வேலையைத் தந்தது. முதலில் கலாசியாகச் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதி, எழுத்தர் ஆனோம். கஞ்சிரா இன்றும் அலமாரியின் மேல்தட்டில் துணி சுற்றி இருக்கிறது. அவர் முப்பது ஆண்டுகள் ஞாயிறுதோறும் வாசித்தார். நாம் ஒருநாளும் பழகவில்லை. ஆகவே அவர் கைக்கு வந்தது நம் கைக்கு வரவில்லை. இதில் மறைபொருள் ஒன்றும் இல்லை.

இப்படத்துக்கு இசையமைத்தவரின் வாழ்வும் இதையே சொல்கிறது. ரஹ்மானின் தந்தையார் ஆர். கே. சேகர், மலையாளத் திரையுலகில் இசையமைப்பாளராகவும் இசை நடத்துநராகவும் விளங்கியவர். அவர் 1976இல் மறைந்தபோது மகனுக்கு வயது ஒன்பது. தந்தை விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் காலம் தள்ளியது. பிள்ளை இளம் வயதிலேயே பிறருடைய இசைக்குழுக்களில் விசைப்பலகை வாசிக்கச் சென்றான். பள்ளிப்படிப்பை இடையில் நிறுத்த நேர்ந்தது. தன்ராஜ் மாஸ்டரிடம் கற்றான். இளையராஜாவின் குழுவில் வாசித்தான். நண்பர்களோடு சென்னையில் ராக் இசைக்குழுவிலும் வாசித்தான். விளம்பரங்களுக்குச் சில நொடி இசை அமைத்தான். வீட்டோடு சேர்ந்தாற்போல் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை நிறுவினான். அதன் பின்னரே 1992இல் 'ரோஜா' வந்தது.

1976க்கும் 1992க்கும் இடையே 16 ஆண்டுகள். உலகம் அந்த ஒன்பது வயதுத் துயரத்தைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. இந்த 16 ஆண்டுகளைப் பற்றிச் சுருக்கமாகவே பேசுகிறது. ஏனெனில் துயரம் கதைக்கு ஏற்றது. பயிற்சி கதைக்கு ஏற்றதன்று. ஒருவன் ஒரே சுரத்தை நாள்தோறும் நாலு மணிநேரம் வாசிப்பதைத் திரையில் யார் பார்ப்பார்? இயக்குநரை நாம் குறை கூறவில்லை. ஆனால் பார்க்கும் பிள்ளைக்கு அந்த 16 ஆண்டுகளை எடுத்துச் சொல்ல வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும்.

உற்று நோக்கினால் படமும் ஓரிடத்தில் கட்டானாவை மறுக்கிறது. ஜனார்தனின் குரல் பண்பட்டது ஹீர் இறந்தபின் அன்று. தர்காவில் அந்தப் பாடகர்களுக்கு இடையில் அமர்ந்திருந்த நாட்களிலேயே. ஒரு பிள்ளையைக் கலைஞனாக்க இரண்டு வேண்டும் என்று அக்காட்சி நமக்குச் சொல்கிறது. ஒன்று, தன்னினும் நன்றாகப் பாடுவோர் அருகில் தினமும் அமர்தல். மற்றொன்று, யாரும் துரத்தாத ஓர் இடம். முதலாவது அவனுக்கு வீட்டில் கிடைத்திருக்க வழியில்லை. இரண்டாவதை வீடு தந்திருக்கலாம், தரவில்லை.

இப்படம் 2024இல் மீண்டும் திரையரங்குகளில் வெளியிடப்பட்டது. இம்முறை இல்லாளோடு சென்றோம். பாட்டுகளில் அவர் கண் கலங்கியது உண்மை. ஆனால் வெளியே வந்ததும் கேட்டார்: "அவன் பாட்டு எரிவதற்கு அவள் உயிரை விறகாக வைத்துவிட்டார்களே, இது என்ன நியாயம்? அந்தப் பெண்ணுக்கு என்ன ஆசை இருந்தது என்று யாராவது கேட்டார்களா?" நாம் பதினைந்து நிமிடம் யோசித்தோம், நிலையத்துக்கு வந்து சேர்ந்துவிட்டோம், விடை கிடைக்கவில்லை. படத்தின் பெருங்குறை அதுவே. ஹீராக நடித்த நர்கிஸ் ஃபக்ரிக்கு அது முதல் இந்திப் படம் என்பதை எண்ணி நடிப்பை மன்னிக்கலாம். அவள் நோயும் மறைவும் கதாநாயகனின் கடைசிப் பாட்டுக்காகவே வந்தவை போல் தோன்றுவதை மன்னிப்பது கடினம்.

நம் குடியிருப்பில் உள்ள அன்பர் ஒருவரின் மகனுக்கு இப்போது வயது பதினேழு. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கையில் கிதார் மோகம் பிடித்தது. பாடம் பின்தங்கியது, மதிப்பெண் குறைந்தது. ஒருநாள் தந்தை கோபத்தில் கிதாரைப் பரண்மேல் ஏற்றிப் பூட்டிவிட்டார். மகன் இரண்டு நாள் உண்ணவில்லை. அன்பர் நம்மிடம் வந்தார். "அந்தப் படம் அந்தப் படம் என்று உயிரை விடுகிறீர்களே, தம்பி, நீங்களே வந்து அவனுக்குச் சொல்லுங்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை," என்றார். அவர் அச்சமும் பொய்யன்று. வாடகை வீட்டில் இருந்து கொண்டு, ஊரில் நிலமும் இல்லாமல், ஒரே மகனை நம்பியிருப்பவர். கிதார் சோறு போடுமா என்று அவர் கேட்பதை எள்ளி நகையாட நமக்கு என்ன தகுதி உண்டு?

இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தே பேசினோம். அன்பரிடம், "அண்ணாச்சி, படத்தில் அந்தப் பிள்ளையை வீடு வெளியே தள்ளியது, தர்கா சோறு போட்டது. நம் பிள்ளைகளுக்கு நாமே அந்தத் தர்காவாக இருப்போம். கிதாரைக் கீழே இறக்குங்கள்," என்றோம். மகனிடம், "தம்பி, ரஹ்மான் 16 ஆண்டு பிறருக்கு வாசித்தார். நீ முதலில் 16 மாதம் வாசி. மாலையில் ஒரு மணிநேரம், ஒருநாளும் தவறக்கூடாது. தேர்வையும் எழுது. நெஞ்சை உடைத்துக் கொள்ளத் தேடிப் போகாதே. அது வேண்டிய காலத்தில் தானாக வரும். அது வரும்போது உன் கை பழகியிருந்தால் பாட்டு வரும், பழகாவிட்டால் அழுகை மட்டுமே வரும்," என்றோம். அவன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "ஜோர்டனுக்கு யார் பயிற்சி கொடுத்தார்?" என்று மடக்கினான். "ஜோர்டனுக்குப் பின்னால் மோஹித் சௌஹான் பாடினார், உனக்குப் பின்னால் யார் பாடுவார்?" என்றோம். தந்தை சிரித்துவிட்டார். பரணில் இருந்து கிதார் அன்றிரவே இறங்கியது.

கடந்த பொங்கல் கூட்டத்தில் அவன் மேடையேறி ஒரு பாட்டு வாசித்தான். மூன்று இடங்களில் தடுமாறினான்; நடுவில் நின்று மறுபடி தொடங்கினான். பெரிய கைதட்டல் என்று சொல்வதற்கில்லை. அன்பர் கடைசி வரிசையில் நின்றுகொண்டே கேட்டார். இனி அவன் பாடகன் ஆவானோ, கணக்கர் ஆவானோ, நாம் அறியோம். இரண்டும் மதிப்புக்குரியவையே.

படத்தின் இறுதியில் வரும் 'நாதான் பரிந்தே' என்னும் பாடலை ரஹ்மானும் மோஹித் சௌஹானும் சேர்ந்து பாடியிருக்கின்றனர். அறியாப் பறவையே, வீட்டுக்குத் திரும்பு என்று அழைப்பது அப்பாட்டின் பொருள். பிழைப்பைத் தேடி ஆயிரம் கல் தொலைவு பறந்து வந்த நம்மவர் அதைக் கேட்டு அமைதியாகி விடுவதைக் கண்டிருக்கிறோம். எந்த வீட்டுக்குத் திரும்புவது என்று நமக்கே தெளிவில்லாத நிலையில், பிள்ளைகளுக்காவது திறந்திருக்கும் வீடு ஒன்று தில்லியில் இருக்கட்டும்.

கன்னியாகுமரியிலிருந்து புறப்படும் திருக்குறள் விரைவு வண்டி வந்து நிற்கும் நிலையத்துக்கு ஹஸ்ரத் நிஜாமுதீன் என்று பெயர். அந்த ஞானியும், அவர் மாணவரான கவிஞர் அமீர் குஸ்ரோவும் 1325ஆம் ஆண்டில் மறைந்தனர்; இருவரும் அருகருகே துயில்கின்றனர். நிலையத்திலிருந்து தர்கா தொலைவில் இல்லை. வியாழக்கிழமை மாலை கவ்வாலி நடைபெறும். ஊரிலிருந்து உறவினர் வரும்போதோ, நாம் ஊருக்குப் புறப்படும்போதோ ஒரு மாலைப் பொழுது மிஞ்சினால் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். எழுநூறு ஆண்டுகளாக ஒருவர் பாட மற்றவர் கேட்டுப் பழகி, பழகியவர் பின்வந்தவருக்குக் கற்பித்து வந்த இசை அங்கே ஒலிக்கிறது. சிறிதுநேரம் அமர்ந்து கேட்கட்டும். பாட விரும்பும் பிள்ளைக்கு அதைவிட நல்ல தொடக்கம் நாம் அறிந்த வரையில் வேறில்லை.